இருட்டுக் குகையில் ரெயில் விட்ட வால்ட் டிஸ்னி

பாரீஸ் நகருக்கு அருகே உள்ள டிஸ்னி பூங்காவில் 2007-ம் ஆண்டு ஒரு ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. வண்டி ஆமை ஓடு போல இருக்கும். 4 பேர் முதுகோடு முதுகு சேர்த்து உட்காரலாம். பெரிய கட்டிடத்துக்குள், அரை இருட்டில், தண்டவாளத்தின் மேல் பம்பரம் போல் சுழன்றபடி அந்த ஆமை பாயும். நீமோ என்ற மீன் குஞ்சைப் பற்றிய கார்ட்டூன் படத்தில் வரும் கடல் ஆமைதான் அது.

கார்ட்டூன் படத்துக்கும் தண்டவாளத்துக்கும் இப்படி முடிச்சுப் போட்டவர் வால்ட் டிஸ்னி. அவர் அந்த ஆமையைப் பார்க்கவில்லை. 1966-ம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். ஆனால் அந்த ஆசை அவருக்குச் சிறு வயதிலேயே, ரெயில் பாதை ஓரத்தில் பிறந்தது.

ரெயிலில் விற்ற பையன்

வால்ட், அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி பிறந்தார். அவருக்கு 4 வயதானபோது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சிற்றூருக்குப் போய் விவசாயம் செய்தது. சாண்டா பே ரெயில் கம்பெனியால் வளர்ந்த ஊர் அது. உறவினர் ஒருவர் அந்த ரெயிலில் என்ஜின் டிரைவராக இருந்தார். அவர் ஊதும் விசில் சத்தத்துக்காகப் பையன் காத்துக் கிடப்பான்.

விவசாயம் கைகொடுக்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பம் கன்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை பத்திரிகை வினியோகத்தை எடுத்து நடத்தினார். 9 வயது வால்டும் அண்ணன் ராயும் விடியும் முன்பே எழுந்து, பனியில் நடந்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். வகுப்பில் வால்ட் தூங்கி வழிந்தது அதனால்தான்.

15 வயதில் விடுமுறைக் காலத்தில் ரெயிலில் வியாபாரம் செய்தார். நம் ஊர் ரெயிலில் முறுக்கும் வேர்க்கடலையும் விற்பவர்களைப் போல, பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிப் பத்திரிகை, பழம், சோடா விற்றார். சரக்கில் பாதியைத் தானே தின்றுவிடுவார். லாபம் எதுவும் நிற்கவில்லை. ஆனால் என்ஜின் டிரைவர்களோடு நின்று பயணம் செய்த சுகம் மனதில் நின்றுவிட்டது.

பறிபோன முயல்

படம் வரைவதே தொழில் என்று முடிவு செய்த வால்ட், கன்சாஸ் சிட்டியில் கார்ட்டூன் கம்பெனி தொடங்கினார். 1923-ல் அது திவாலாகியது. 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரெயில் ஏறினார். அண்ணன் ராய் பணக் கணக்கைப் பார்த்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து புதிய கம்பெனி ஆரம்பித்தார்கள்.

ஆஸ்வால்ட் என்ற முயல் படங்கள் நன்றாக ஓடின. அதிகப் பணம் கேட்க 1928-ல் வால்ட் நியூயார்க் போனார். அங்கே அவருக்கு இடி காத்திருந்தது. ஒப்பந்தப்படி முயல் அவருக்குச் சொந்தமில்லை. அவரிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரையும் வினியோகஸ்தர் ரகசியமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு மனைவி லில்லியனுடன் ரெயிலில் திரும்பினார். அந்தப் பயணத்தில்தான் ஒரு சுண்டெலி தன் மனதில் தோன்றியதாகப் பின்னாளில் அவர் சொல்வது வழக்கம். நண்பர் அப் ஐவெர்க்ஸ் அதற்கு உருவம் கொடுத்தார். 1928 நவம்பர் 18-ந் தேதி மிக்கி மவுஸ், ஒலியோடு திரைக்கு வந்தது. அதன் பிறகு தன் படைப்பின் உரிமையை வால்ட் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1937-ல் சுமார் 15 லட்சம் டாலர் செலவில் ஸ்னோ ஒயிட் முழுநீளப் படத்தை எடுத்தார். அதற்காக வீட்டையே அடமானம் வைத்தார். படம் பெரும் வெற்றி பெற்றது.

வேலைநிறுத்தம்

தன் உழைப்பை மற்றவர் சொந்தம் கொண்டாடிய வேதனையை அறிந்தவர் வால்ட். ஆனால் தன்னிடம் வரைந்தவர்களின் மனக்குறை அவருக்குப் புரியவில்லை. குறும்படங்களில் முதலாளி பெயரே பெரிதாக வரும். வரைந்தவர்கள் பெயர் வராது. சம்பளத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. சங்கம் சேர்ந்த சிலரை நீக்கியதும் 1941 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. வால்ட் கோபம் கொண்டார். கடைசியில் சங்கத்தைக் கம்பெனி ஏற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே பழைய உறவு திரும்பவில்லை.

வீட்டுத் தோட்டத்தில் ரெயில்

மனம் சலித்த அந்தக் காலத்தில் அவர் ரெயிலிடமே திரும்பினார். 1950-ல் தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி 2,615 அடி நீளத்துக்குச் சிறு தண்டவாளம் போட்டார். என்ஜினுக்கு மனைவி பெயரைச் சேர்த்து லில்லி பெல் என்று பெயர் வைத்தார். மனைவியின் பூந்தோட்டம் கெடாமல் இருக்க, அதன் அடியில் 90 அடி நீளக் குகை வெட்டினார். குகையை நேராக வெட்டாமல் பாம்பு போல வளைக்கச் சொன்னார். உள்ளே போகிறவருக்கு மறுபக்க வெளிச்சம் தெரியக் கூடாது என்பது அவர் திட்டம். வந்த விருந்தாளிகளை ரெயிலில் ஏற்றி அந்த இருட்டுக்குள் அவரே ஓட்டிப் போவார்.

1953-ல் ரெயில் தடம் புரண்டது. சூடான நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம் ஏற்பட்டது. வால்ட் அத்தோடு வீட்டு ரெயிலை நிறுத்திவிட்டார்.

அதற்குள் பெரிய ரெயிலுக்கு இடம் தேடத் தொடங்கியிருந்தார். தம் 2 பெண்களையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாட ஒரு பூங்கா வேண்டும் என்று நினைத்தவர் அவர். பாங்கிகள் தயங்கின. ஆயுள் இன்சூரன்சின் பேரில் கடன் வாங்கித் திட்டம் போட்டார். ஒரு டெலிவிஷன் கம்பெனியும் பணம் போட, அனகைம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பில் டிஸ்னிலேண்ட் எழுந்தது.

1955 ஜூலை 17-ந் தேதி திறப்பு விழா. கள்ள டிக்கெட்டுகளால் கூட்டம் நெரிந்தது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் செருப்புகள் ஒட்டிக்கொண்டன. பல குழாய்களில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் 2 மாதம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்தார்கள். பூங்காவைச் சுற்றி நீராவி ரெயில் ஓடியது.

மலைக்குள் ஓடிய வண்டி

1959-ல் ஸ்விட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலையைப் போல 147 அடி உயரச் செயற்கை மலை கட்டி, அதற்குள் புகுந்து வெளிவரும் வண்டிகளை விட்டார். எஃகுக் குழாயையே தண்டவாளமாக வளைத்த முதல் ரோலர் கோஸ்டர் அது. மரச் சட்டங்களின் மேல் ஓடிய பழைய வண்டிகளுக்கு வராத வளைவுகள் குழாயில் சுலபமாக வந்தன.

அடுத்து, முழுவதும் கூரைக்குள், நட்சத்திரம் மட்டும் தெரியும் இருட்டில் ஓடும் வண்டிக்குத் திட்டம் போட்டார். இருட்டில் பல வண்டிகளை மோதாமல் ஓட்டும் அளவுக்குக் கம்ப்யூட்டர் அன்று வளரவில்லை. திட்டம் காத்திருந்தது. நுரையீரல் புற்றுநோய் கண்டு, 1966 டிசம்பர் 15-ந் தேதி வால்ட் காலமானார். அப்போது வயது 65.

ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய், தம்பி தொடங்கிய புளோரிடா பூங்காவை முடிப்பதற்காக ஓய்வைத் தள்ளிப்போட்டார். அதற்குத் தம்பியின் முழுப்பெயரையும் வைத்து, 1971 அக்டோபரில் திறந்தார். டிசம்பரில் அவரும் இறந்தார்.

1975 ஜனவரி 15-ந் தேதி அந்தப் பூங்காவில் விண்வெளி மலை திறக்கப்பட்டது. அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளோடு ஏறி அமர்ந்து, மறுபக்கம் தெரியாத இருட்டுக்குள் புகுந்தார்கள். பூந்தோட்டத்தின் அடியில் வால்ட் வளைத்து வெட்டிய குகைக்கு அப்போது 25 வயது.