துண்டும் பதிவேடும்: சேர். பொன்னம்பலம் அருணாசலம்

பெரகல சந்தியில் பாதை பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் உள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் நாட்களில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் பலமுறை மாறியது. யார் யார் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குச் சரியான பட்டியல் உடனே கைக்கு வரவில்லை. வன்னியில் உறவுகளைத் தேடுபவர்களுக்கும் இந்த வலி புதிதல்ல.

இன்று தோட்டக் கந்தோர்களிலும் பிரதேச செயலகங்களிலும் பழைய பதிவேடுகளைக் கணினித் தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலையை இளைஞர்கள் கற்கிறார்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர், கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதே வேலையைச் செய்தவர்.

பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டெம்பர் 14 அன்று கொழும்பில் பிறந்தார். கொழும்பு அக்கடமியில் (இன்றைய றோயல் கல்லூரி) படித்து, புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1875இல் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். பல ஊர்களில் நீதித்துறைப் பதவிகளில் இருந்தார்.

1880களின் கடைசியில் பதிவாளர் நாயகம் பொறுப்பு அவரிடம் வந்தது. நாட்டின் காணி உறுதிகளும் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும் அந்தத் திணைக்களத்தில்தான் இருந்தன. ஆனால் அவை ஒழுங்கின்றிக் கிடந்தன. தேடினால் கிடைக்காத பதிவு இல்லாத பதிவுக்குச் சமம். அந்த இடைவெளியில்தான் மோசடி புகுகிறது. சட்டம் படித்த அருணாசலம் பதிவேட்டு வேலையை அங்கே இருந்துதான் கற்றார். திணைக்களத்தை மறுசீரமைத்தார், பதிவுகளை வகைப்படுத்தித் தேடக்கூடியதாக்கினார்.

இன்றைய தரவுத்தளத்தின் அடிப்படையும் இதுவே. ஒரு காணிக்கு ஒரு பக்கம். அதன் மீது நடக்கும் ஒவ்வொரு கைமாற்றமும் அதே பக்கத்தில் பதியப்பட வேண்டும். பெயரைச் சொன்னால் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு சுட்டி வேண்டும். கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. அமெரிக்கா 1890இலேயே துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தது. அருணாசலத்தின் மதிப்பீடு இலங்கையில் 35,65,954 பேர் வாழ்வதாகக் கண்டது. அதில் தோட்டங்களில் வாழ்ந்தோர் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். அந்தக் கணக்கில் தமிழர் ஒரே நிரலில் இருந்தார்கள். அடுத்த மதிப்பீடான 1911இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று நிரல் இரண்டானது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தையோ பாட்டனோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட முடியாத இலட்சக்கணக்கான மலையகத்தவர் நாடற்றவர்களானார்கள். ஒரு காகிதம் இல்லாதது ஒரு தலைமுறையின் வாழ்வையே முடக்கியது.

1913இல் ஓய்வுபெற்ற அருணாசலம் வீட்டில் இருந்துவிடவில்லை. 1919இல் பெரி சுந்தரம் போன்றவர்களோடு இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். அவர்களின் முதன்மை இலக்குகளில் ஒன்று துண்டு முறை. தொழிலாளி பட்ட கடனைத் துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். அந்தக் கடனைத் தீர்க்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் இடம் மாறலாம். தன்னைப் பற்றிய அந்தப் பதிவில் தொழிலாளிக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. கங்காணியின் கணக்கே கணக்கு. 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவரும் அவரே. மேல் மாகாணத் தமிழருக்கான ஆசனம் பற்றிய வாக்கு காப்பாற்றப்படாததால் 1921இல் அதைவிட்டு விலகினார். 1924 ஜனவரி 9 அன்று, தல யாத்திரை சென்றிருந்த இடத்தில், மதுரையில் காலமானார்.

ஒரே மனிதர் ஒரு பக்கம் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினார். மறு பக்கம் ஒரு பதிவை ஒழிக்கப் போராடினார். இதில் முரண் இல்லை. காணி உறுதிப் பதிவை உரிமையாளர் தேடிப் பார்க்கலாம், பிழையென்றால் கேள்வி கேட்கலாம். துண்டோ துரையின் கையில் இருந்தது.

போரில் உறுதிகளும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் எரிந்துபோனவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. இன்று ஒரு கந்தோரில் மென்பொருள் கற்று, கிழிந்த பதிவேட்டிலிருந்து பெயர்களைத் தட்டெழுதும் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் கவனிக்க வேண்டியது இரண்டு: பெயர் அந்த மனிதர் எழுதுகிறபடியே இருக்கிறதா? நாளை அவரோ அவரைத் தேடும் உறவோ வந்தால், அந்த வரி கண்ணில் படுமா?