மலையகத்தின் மண்சரிவும் சேர் சி. வி. இராமனும்

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது அதே மாவட்டம் மீண்டும் பல உயிர்களை மண்ணுக்குப் பறிகொடுத்தது. நிலத்தின் சிறு அசைவையும் கண்ணாடி இழையால் உணரும் நுட்பம் இன்று உலகில் வளர்ந்து வருகின்றது. அதன் வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு என்பதை நாம் இவ்வேளையில் நினைவுகூர்கின்றோம்.

1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்று, 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். ரங்கூன், நாக்பூர் இடமாற்றங்கள் போக, அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அவர் பௌபசார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்திலேயே காலம் கழித்தார். 1917இல் கூடிய சம்பளத்தைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் அவரை ஈர்த்தவை அதிர்வுகளே. வயலினையும் வீணையையும் ஆராய்ந்தார். மிருதங்கத் தோலின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சே அதன் நாதத்துக்குச் சுருதி சேர்க்கின்றது என்பதை 1920இல் விளக்கினார். தப்பொலியோடு வளர்ந்த எமது தோட்டத்து மக்களுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று.

ஒளியின்பால் அவரைத் திருப்பியது 1921ஆம் ஆண்டுக் கப்பல் பயணம். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என ஆங்கில மேதை ரேலே பிரபு கருதியிருந்தார். மத்தியதரைக் கடலில் இராமன் சிறு பட்டகமொன்றால் அப்பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. சொன்னவர் எவராயினும் சோதித்தே ஏற்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியியலை ஆராய்ந்த இப்னுல் ஹைதம் கைக்கொண்ட வழியுமாகும். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதை இராமன் உறுதி செய்தார். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனின் பெயர் போதியளவு பேசப்படாதது எமக்குக் குறையாகவே படுகின்றது.

பெங்களூரில் தாமே நிறுவிய ஆய்வு நிலையத்தில் இறுதிவரை உழைத்த இராமன், 1970 நவம்பர் 21ஆம் திகதி காலமானார். தொலைதூரத் தொடர்புக்கு ஏற்ற ஒளியிழையை அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் உருவாக்கியதும் அதே ஆண்டில்தான்.

அவ்விழையில் லேசர் ஒளித்துடிப்புகளைச் செலுத்தினால், வழிநெடுகச் சிறிதளவு ஒளி சிதறித் திரும்புகின்றது. நிலம் அதிர்ந்தால் திரும்பும் ஒளி மாறுபடும். அது வந்துசேரும் நேரம் அதிர்ந்த இடத்தைக் காட்டும். இங்கு பயன்படுவது ரேலேயின் சிதறல். ஆனால் தூரம் கூடக்கூட ஒளி நலிவதால் ஐம்பது கிலோமீற்றர் அளவில் இம்முறை தடுமாறும். இராமன் சிதறலின் துணையால் இழைக்குள்ளேயே ஒளிக்கு வலுவூட்டும்போது, நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் அதிர்வை அறியலாம். கடலில் முரண்பட்ட இருவரும் கண்ணாடி இழையில் கைகோர்த்துள்ளனர்!

குழாய்ப் பாதைகளிலும் ரயில் பாதைகளிலும் பயனுக்கு வந்துவிட்ட இந்நுட்பம் மண்சரிவைப் பொறுத்தவரை இன்னமும் பரீட்சார்த்த நிலையிலேயே உள்ளது. ஊவாவின் மலைச்சரிவுகளில் இதனைப் பரீட்சிக்குமாறு நாம் கோருகின்றோம். எனினும் மீரியபெத்தைக்கு எச்சரிக்கை இல்லாமலிருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தது. சொந்தக் காணியற்ற தொழிலாளர்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள். இழை பதிப்பதற்கு முன்பாகவே, ஆபத்தானவை என அடையாளமிடப்பட்ட சரிவுகளில் வாழும் குடும்பங்களுக்கு மாற்றுக் காணி வழங்கப்படல் வேண்டும்.