உலகை வென்ற பயில்வான்

குட்டீஸ், தாம்பரம் பக்கத்தில் இருக்கும் அஸ்தினாபுரம் தெரியும்தானே? மகாபாரதத்தில் பாண்டவர்களும் கவுரவர்களும் வாழ்ந்த தலைநகருக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயரைக் கேட்டதுமே பலருக்கும் பீமன் ஞாபகம் வந்துவிடும். தோளில் கதாயுதம், மலை போன்ற உடம்பு, பகாசுரனுக்கு அனுப்பிய வண்டிச் சோற்றைத் தானே தின்று தீர்க்கும் பசி!

பீமன் கதையில் வருபவன். ஆனால் நிஜமாகவே கதாயுதம் பரிசாக வாங்கிய பயில்வான் ஒருவர் நம் இந்தியாவில் வாழ்ந்தார். 50 ஆண்டுகள் மல்யுத்தம் செய்தும் யாரிடமும் தோற்காதவர் என்று புகழ் பெற்றவர். அவர் பெயர் காமா.

மகாராஜாக்கள் அவருக்குப் பரிசுகளை அள்ளிக் கொடுத்தார்கள். லண்டன் வரை போய் வென்று வந்தார். அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் செலவுக்குப் பிறர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. அது ஏன்? வாருங்கள், அவருடைய கதையைப் பார்ப்போம்.

பத்து வயதுப் போட்டியாளர்

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ஆம் ஆண்டு பஞ்சாபில் உள்ள அமிர்தசரசில் பிறந்தார். அவர் குடும்பமே பயில்வான்கள் குடும்பம். ஆனால் காமா சின்னஞ்சிறு பையனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். தாத்தாவும் பிறகு மாமாவும்தான் அவரை வளர்த்து, குஸ்தி சொல்லிக் கொடுத்தார்கள்.

1888-ஆம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. பஸ்கி என்றால் தெரியுமா? உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. நூற்றுக்கணக்கான பயில்வான்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே 10 வயதுப் பையன் காமாவும் நின்றான்.

நேரம் ஆக ஆகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கால் நடுங்கி ஒதுங்கினார்கள். கடைசியில் 15 பேர்தான் மிஞ்சினார்கள். அதில் காமாவும் ஒருவன்! மகாராஜா அசந்து போனார். இத்தனை சிறு வயதில் இவ்வளவு உறுதியா என்று வியந்து, அந்தச் சிறுவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்துவிட்டார். அதன்பிறகு மத்திய இந்தியாவில் உள்ள ததியா என்ற ஊரின் மகாராஜா காமாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்.

பால் யார் செலவு?

காமா தினமும் 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுப்பார் என்று சொல்வார்கள். இவ்வளவு உழைக்கும் உடம்புக்குச் சாப்பாடு வேண்டாமா? அவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் பால், 6 கோழிகள், அரைத்த பாதாம் பருப்பு எல்லாம் தேவைப்பட்டன என்றும் சொல்வார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். 10 லிட்டர் பால் என்றால் அரை லிட்டர் பாக்கெட் 20. மாதத்துக்கு 600 பாக்கெட்! இது ஒரு ஆளின் பால் செலவு மட்டும்தான். கோழியும் பாதாமும் தனி.

இதையெல்லாம் வாங்கிக் கொடுத்தது யார்? மகாராஜாக்கள்தான். இன்றைய கிரிக்கெட் வீரர்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் உண்டு, விளம்பரப் பணம் உண்டு. அந்தக் காலத்துப் பயில்வானுக்கு அப்படி எதுவும் கிடையாது. அரண்மனைதான் சோறு போட்டது. அரண்மனைதான் பரிசு கொடுத்தது. தன் அரண்மனைப் பயில்வான் ஜெயித்தால் மகாராஜாவுக்கும் பெருமை. ஆனால் அரண்மனைக் கதவு மூடினால் பயில்வானின் கதி என்ன? இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

லண்டனில் ஒரு சவால்

1910-ஆம் ஆண்டு காமா தன் தம்பி இமாம் பக்ஷுடன் கப்பல் ஏறி லண்டன் போனார். வங்காளத்தைச் சேர்ந்த ஒரு பணக்காரர் செலவை ஏற்றுக்கொண்டார். அங்கே உலகின் பெரிய பயில்வான்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். ஆனால் காமாவைப் பார்த்ததும் போட்டி நடத்தியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். காரணம், அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான். இவ்வளவு குள்ளமானவரைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள்.

காமா சோர்ந்து போகவில்லை. எவ்வளவு எடை உள்ளவராக இருந்தாலும் சரி, மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்திக் காட்டுகிறேன் என்று எல்லோருக்கும் சவால் விட்டார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்கர் துணிந்து வந்தார். முதல் முறை 1 நிமிடம் 40 வினாடியில் அவரை மல்லாத்தினார் காமா. இரண்டாவது முறை 9 நிமிடம் 10 வினாடி. அதன்பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காமாவைப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

1910 செப்டம்பர் 10 அன்று இறுதிப் போட்டி. எதிரே நின்றவர் போலந்து நாட்டின் ஜிபிஸ்கோ. பரிசு 250 பவுண்டும் ஜான்புல் பெல்ட் என்ற பட்டையும். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஜிபிஸ்கோவைக் கீழே தள்ளிவிட்டார் காமா. விழுந்தவர் சாமர்த்தியமாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகு தரையில் பட்டால்தானே தோல்வி? இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தார்! ஆட்டம் சமன் ஆனது.

செப்டம்பர் 17-ஆம் தேதி மறுபடியும் மோத வேண்டும் என்று முடிவானது. அன்று காமா வந்தார். ஜிபிஸ்கோ வரவே இல்லை. பட்டை காமாவின் இடுப்பில் ஏறியது.

ஊர் திரும்பிய காமா, ஏழடி உயரம் உள்ளவராகச் சொல்லப்பட்ட ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்றார். 1922-ஆம் ஆண்டு, இந்தியாவுக்கு வந்திருந்த இங்கிலாந்து இளவரசர் அவருக்கு வெள்ளியில் செய்த கதாயுதத்தைப் பரிசாகக் கொடுத்தார்.

ஆள் இல்லாத கோதா

1928-ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ஒரு பெரிய ஏற்பாடு செய்தார். ஜிபிஸ்கோவையே கடல் கடந்து வரவழைத்தார்! 18 ஆண்டுகளுக்கு முன் முடியாமல் நின்ற ஆட்டத்தை முடிக்க வேண்டுமே! இருவருக்கும் அப்போது 50 வயது நெருங்கிவிட்டது. பல்லாயிரம் பேர் கூடினார்கள். கூட்டம் வசதியாக உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் ஜிபிஸ்கோ தோற்றுப் போனார். அடுத்த ஆண்டு வந்த ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பவர் ஒன்றரை நிமிடம் தாங்கினார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். காமா எவ்வளவுக்கு எவ்வளவு பெரிய வீரரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவருக்குப் போட்டி குறைந்துபோனது. தோற்பது உறுதி என்றால் யார்தான் கோதாவில் இறங்குவார்கள்? போட்டி இல்லையென்றால் பரிசும் இல்லை. ஒரு தச்சர் திறமைசாலி ஆக ஆக வேலை கூடும். பயில்வானுக்கோ தலைகீழ்!

கோடு கிழித்தார்கள்

முன்பு ஒரு கேள்வி கேட்டோமே, அதற்கு இப்போது வருவோம். பூபிந்தர் சிங் 1938-ஆம் ஆண்டு இறந்துபோனார். 1947-ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. இந்தியா, பாகிஸ்தான் என இரண்டாகப் பிரிந்தது. காமா இருந்த லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குப் போனது. பாட்டியாலா இந்தியாவில் இருந்தது. அந்த ஆண்டே பாட்டியாலா சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது. பயில்வான்களை வளர்த்த அரண்மனைகளின் காலம் முடிந்துவிட்டது.

பிரிவினையின்போது பெரும் கலவரம் நடந்தது. லாகூரில் தன் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களுக்கு ஒரு ஆபத்தும் வராமல் காமா காவல் நின்றார் என்றும், அவர்கள் எல்லையைத் தாண்டிப் போக வழி செய்து, வழிச்செலவும் கொடுத்து அனுப்பினார் என்றும் சொல்கிறார்கள்.

வீட்டிலும் அவருக்குச் சோகம்தான். அவருடைய மகன்கள் எல்லோரும் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்கள். 1945-ஆம் ஆண்டு 13 வயதுக் கடைசி மகனும் இறந்தபோது, சில நாட்கள் அவருக்குப் பேச்சே வரவில்லையாம்.

வயதாக ஆக உடம்பில் நோய் புகுந்தது. எந்த உடம்பை நம்பி வாழ்ந்தாரோ, அந்த உடம்புக்கே இப்போது மருந்து வேண்டியிருந்தது. அவர் கஷ்டப்படும் செய்தி இந்தியாவுக்கு எட்டியது. மல்யுத்தத்தில் ஆர்வம் உள்ள தொழிலதிபர் ஜி.டி.பிர்லா 2,000 ரூபாய் அனுப்பி, மாதம் 300 ரூபாய் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவுக்கு உதவியது. 1960 மே 23-ஆம் தேதி காமா காலமானார். கோதாவில் யாராலும் அவர் முதுகைத் தரையில் படவைக்க முடியவில்லை. வறுமை அதைச் செய்துவிட்டது.

கடல் தாண்டியும் இதே கதை

காமாவுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜோ லூயி என்ற குத்துச்சண்டை வீரர் இருந்தார். 1937 முதல் 1949 வரை அவர்தான் உலக சாம்பியன். அவருடைய சண்டைகளுக்குக் கிடைத்த பணம் 46 லட்சம் டாலர். ஆனால் மேலாளர்கள் உள்ளிட்டவர்களின் பங்கு போக அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம்தான்.

அவருக்கு இளகிய மனம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டில், இரண்டு சண்டைகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். ஆனால் வரிக் கணக்கை அவருக்காகச் சரியாகப் பார்க்க ஆள் இல்லை. தானமாகக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து வரி கேட்டார்கள். வட்டியும் அபராதமும் சேர்ந்து 5 லட்சம் டாலருக்கு மேல் கடன் ஆனது. அதை அடைப்பதற்காக, ஓய்வு பெற்றவர் மறுபடியும் கையுறையை மாட்டினார். வயதான உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1951-ஆம் ஆண்டு ராக்கி மார்சியானோ என்ற இளைஞரிடம் அடி வாங்கி வீழ்ந்தார். கடைசிக் காலத்தில் ஒரு பெரிய ஓட்டலில், வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார்.

காமா சூதாடியோ ஜோ லூயி சோம்பேறியாகவோ கெட்டுப்போகவில்லை. இருவருமே கடும் உழைப்பாளிகள். பிறகு ஏன் இப்படி?

மழையும் ஏரியும்

அஸ்தினாபுரத்தைச் சுற்றி எத்தனை ஏரிகள் பாருங்கள்! சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி என்று வரிசையாக இருக்கின்றன. நமக்குப் பெரிய மழை எப்போது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாத மழையைத் தேக்கி வைத்து, மற்ற மாதங்களைச் சமாளிக்கத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். ஏரி இல்லையென்றால், எவ்வளவு மழை கொட்டினாலும் அத்தனையும் ஓடிக் கடலில் கலந்துவிடும்.

விளையாட்டு வீரரின் சம்பாத்தியமும் இந்த மழை மாதிரிதான். ஒருவர் 20 வயதில் விளையாட ஆரம்பித்து 35 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு மழை. அவர் 75 வயது வரை வாழ்ந்தால், பாக்கி 40 ஆண்டுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான்! வருமானம் ஒரு நாளில் நின்றுவிடும். ஆனால் வீடு, சாப்பாடு, மருந்து, சொந்தக்காரர்களின் உதவிக் கோரிக்கை எதுவும் நிற்காது. மற்ற வேலைக்காரர்களுக்கு 35 வயதில் சம்பளம் ஏறிக்கொண்டிருக்கும். வீரருக்கு அப்போதே சம்பளம் முடிந்துபோகும். வேறு தொழிலும் தெரியாது. கணக்கு வழக்கும் பழக்கமில்லை என்றால் கஷ்டம்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் ஓய்வு பெற்றபின் மாதாமாதம் பணம் பெறும் திட்டத்தை மத்திய அரசு 1994-ஆம் ஆண்டு கொண்டுவந்தது. நம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் கொடுக்கிறது. முன்னாள் கிரிக்கெட் வீரர்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியமும் ஓய்வூதியம் தருகிறது. காமாவுக்கு ஒரு பணக்காரரின் நல்ல மனசால் கிடைத்தது, இன்று வீரர்களின் உரிமையாகக் கிடைக்கிறது.

குட்டீஸ், நாளைக்கு உங்களில் ஒருவர் பெரிய வீரராகவோ வீராங்கனையாகவோ வரலாம். காமாவைப் போலத் தினமும் பயிற்சி செய்யுங்கள். கூடவே படிப்பையும் கணக்கையும் விடாதீர்கள். மழை பெய்யும்போதே ஏரிக்கரையைப் பலப்படுத்திவிட வேண்டும், சரிதானே!

தெரியுமா உங்களுக்கு?

* காமா பஸ்கி எடுக்கப் பயன்படுத்திய வளையம் போன்ற கல்லின் எடை 95 கிலோ. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

* காமா பிறந்த 144-ஆம் ஆண்டையொட்டி, 2022 மே 22 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டுச் சிறப்பித்தது. படத்தில் அவர் கையில் இருந்தது என்ன தெரியுமா? கதாயுதம்!