ரெஜினால்ட் டென்னி

ரெஜினால்ட் டென்னி (நவம்பர் 20, 1891 – ஜூன் 16, 1967) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் புகழ் பெற்ற நாடக, திரைப்பட நடிகர் ஆவார். பேசாப் படக் காலத்தில் நகைச்சுவை நாயகனாக விளங்கிய இவர், மாதிரி விமானங்கள் மீது கொண்ட ஈடுபாட்டினால் ரேடியோபிளேன் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்காவில் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஆளில்லா விமானம் இந்நிறுவனம் உருவாக்கியதாகும்.

இளமைக்காலம்

இவரது இயற்பெயர் ரெஜினால்ட் லீ டக்மோர். சரே மாவட்டத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். தந்தை டபிள்யூ. எச். டென்னி நாடக நடிகரும் பாடகரும் ஆவார். டென்னியும் சிறுவனாக இருக்கும்போதே மேடையேறிவிட்டார். பின்னர் பாண்ட்மன் இசைநாடகக் குழுவில் பாடகராகச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அதே குழுவைச் சேர்ந்த ஐரீன் ஹைஸ்மனை 1913 இல் கல்கத்தாவில் மணந்தார். இத்திருமணம் பிற்காலத்தில் மணமுறிவில் முடிந்தது. 1928 இல் நடிகை இசபெல் ஸ்டீஃபலை மணந்த டென்னி, இறுதிவரை அவருடன் வாழ்ந்தார்.

முதல் உலகப் போரின்போது பிரித்தானிய அரச பறக்கும் படையில் பணியாற்றினார். விமானங்கள் மீதான ஆர்வம் அங்குதான் வேரூன்றியது. நல்ல குத்துச்சண்டை வீரராகவும் விளங்கினார்.

திரைப்படத்துறை

குத்துச்சண்டைத் திறமை திரையிலும் பயன்பட்டது. 1922 இல் தொடங்கிய "தி லெதர் புஷர்ஸ்" என்னும் குறும்படத் தொடர் இவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. தொடர்ந்து யுனிவர்சல் நிறுவனத்தின் "ஸ்கின்னர்ஸ் டிரஸ் சூட்" (1926) முதலிய நகைச்சுவைப் படங்களில் நாயகனாக நடித்தார். பேசும் படங்கள் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்க இளைஞனாக இவரைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இவருடைய ஆங்கிலேய உச்சரிப்பு புதிதாக இருந்தது. நாயகன் வேடங்கள் குறைந்து துணை வேடங்கள் வந்தன. "ரெபெக்கா" (1940) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. "அரவுண்ட் த வேர்ல்ட் இன் எய்ட்டி டேய்ஸ்" (1956) படத்தில் பம்பாய்க் காவல் அதிகாரியாகத் தோன்றுபவரும் இவரே.

மாதிரி விமானங்கள்

1930களின் தொடக்கத்தில், அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனின் மாதிரி விமானத்தைப் பறக்கவிட உதவப்போய், அதன்பின் இப்பொழுதுபோக்கிலேயே மூழ்கிவிட்டார் என்று பரவலாகக் கூறப்படுகிறது. 1934 இல் ஹாலிவுட் பூலவார்டில் மாதிரி விமானக் கடை ஒன்றைக் கூட்டாளிகளுடன் திறந்தார். "டென்னிபிளேன்" என்ற பெயரில் விமானப் பாகங்கள் அடங்கிய பெட்டிகளும் "டென்னிமைட்" என்ற சிறிய பெட்ரோல் எஞ்சினும் விற்பனைக்கு வந்தன. எஞ்சினை வடிவமைத்தவர் வால்ட்டர் ரைட்டர்.

அக்காலத்தில் இத்தகைய பெட்டியை வாங்கியவர் விமானத்தை வாங்கினார் என்று சொல்ல இயலாது. அதைக் கட்டும் வேலையைத்தான் வாங்கினார். பெட்டிக்குள் முழு அளவு வரைபடமும், பால்சா மரத் தகடுகளும், மெல்லிய குச்சிகளும், தாளும் இருக்கும். வரைபடத்தைப் பலகையில் விரித்து, குச்சிகளை அதன் கோடுகளின்மீது குண்டூசிகளால் நிறுத்தி, பசையிட்டு ஒட்டவேண்டும். இறக்கையின் விலாக்களைத் தகட்டிலிருந்து கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டியெடுக்கவேண்டும். எலும்புக்கூடு முடிந்தபின் தாளைப் போர்த்தி, நீர் தெளித்து இறுகச்செய்து, அதன்மேல் மெருகு பூசவேண்டும். பூச்சு உலரும்போது தாள் மேலும் இறுகும். இறக்கையைச் சமதளத்தில் அழுத்தி வைக்க மறந்தால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையுடைய விமானம் ஒருபக்கம் சாய்ந்து சுழன்று தரையில் மோதும். பல வார உழைப்பு சில நொடிகளில் சிதறிப்போவது முதன்முறை கட்டுபவர்களுக்குப் புதிதல்ல.

நன்றாகப் பறந்தாலும் மற்றொரு சிக்கல் இருந்தது. எஞ்சின் பொருத்திய மாதிரியை ஒருமுறை கைவிட்டபின் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. எரிபொருள் தீரும்வரை காற்றின் போக்கில் சென்று, பல சமயங்களில் கண்ணுக்கெட்டாத தொலைவில் விழுந்து காணாமற் போகும். வானொலி அலைகளால் அதைத் திருப்ப முடியுமா என்ற முயற்சிகள் இங்கிருந்தே எழுந்தன. வெற்றிடக் குழாய்களால் ஆன வாங்கியும் அதற்கான மின்கலங்களும் சிறிய மாதிரிக்குப் பெரும் பாரமாக இருந்தன. எஞ்சினின் அதிர்வு வாங்கியின் இணைப்புகளைக் குலைத்தது. அதன் தீப்பொறி வானொலிக் குறிப்பில் குறுக்கிட்டது. வால்ட்டர் குட், வில்லியம் குட் சகோதரர்களின் "கஃப்" என்னும் மாதிரி 1937 இல் வானொலிக் கட்டுப்பாட்டில் பறந்து புகழ்பெற்றது. இவர்கள் பொழுதுபோக்காளர்கள். டென்னியின் நோக்கம் அதற்குள் வேறு திசையில் சென்றிருந்தது.

ரேடியோபிளேன்

விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்களுக்கு அன்று சரியான பயிற்சி இலக்கு இல்லை. ஒரு விமானம் நீண்ட கயிற்றில் இழுத்துச்செல்லும் துணியையே சுட்டுப் பழகினர். அத்துணி நேர்கோட்டில் செல்லும். எதிரி விமானம் அவ்வாறு செல்லாது. மலிவான வானொலிக் கட்டுப்பாட்டு விமானம் இக்குறையைத் தீர்க்கும் எனக் கருதிய டென்னி, 1935 இல் ஆர்பி-1 என்ற முன்மாதிரியை அமெரிக்க இராணுவத்துக்குக் காட்டினார். ஒப்பந்தம் உடனே கிடைக்கவில்லை. ரைட்டரும், வானொலிப் பொறியாளர் கென்னத் கேசும் துணைநிற்க, அடுத்தடுத்த மாதிரிகள் திருத்தப்பட்டன. டென்னி பொறியாளர் அல்லர். இவ்விருவரின் பங்கைக் குறிப்பிடாமல் இச்சாதனையை அவர் ஒருவருக்கே உரியதாக எழுதுவது சரியாகாது. ஆனால் வருமானம் நிச்சயமில்லாத ஐந்து ஆண்டுகள் இம்முயற்சியைக் கைவிடாமல் நடத்தியவர் அவரே.

1940 இல் இராணுவ ஒப்பந்தம் கிடைத்தது. ஓக்யூ-2 எனப் பெயரிடப்பட்ட அவ்விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர், எடை 47 கிலோகிராம், எஞ்சின் 6 குதிரைத்திறன், வேகம் மணிக்கு சுமார் 137 கிலோமீட்டர். எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகள் முன்னால் இருந்தன. கவண் போன்ற அமைப்பால் ஏவப்பட்ட இது, குண்டுபடாமல் தப்பினால் வான்குடை விரித்துத் தரையிறங்கும். மாதிரி விமானம் கட்டுபவர் எதற்கு அஞ்சுவாரோ, அந்த முடிவுக்காகவே இது கட்டப்பட்டது என்பது கருதத்தக்கது. கடற்படை இவ்வகை விமானத்துக்கு டிடிடி-1 என்று பெயரிட்டது. அதன் மூன்றாம் எழுத்து டென்னியைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏறத்தாழ 15,000 விமானங்கள் இராணுவத்துக்காக உற்பத்தி செய்யப்பட்டன.

அத்தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுள் நோர்மா ஜீன் டவர்ட்டி என்பவரும் ஒருவர். போர்ப் பணியில் ஈடுபட்ட பெண்களைப் படமெடுக்க வந்த இராணுவப் புகைப்படக் கலைஞர் டேவிட் கானவர், விமான விசிறியைக் கையில் பிடித்தபடி அவரைப் படமெடுத்தார். அதன்வழியே ஒப்பனை மாதிரியாகத் தொழில் தொடங்கிய நோர்மா ஜீன், பின்னர் மர்லின் மன்றோ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார்.

1952 இல் நார்த்ராப் நிறுவனம் ரேடியோபிளேனை வாங்கியது. 1955 இல் பறந்த ஆர்பி-71 ஃபால்கனர், இலக்கு விமானத்தில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி உருவாக்கப்பட்டதாகும். சுடப்படுவதற்காகப் பிறந்த விமானம் வேவு பார்க்கும் விமானமானது இவ்வாறே.

மறைவு

டென்னி நடிப்பைக் கைவிடவில்லை. "கேட் பலூ" (1965), "பேட்மேன்" (1966) ஆகியவை அவரது கடைசிக் காலப் படங்கள். 1967 இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது, தாம் பிறந்த ரிச்மண்டிலேயே தமது 75 ஆம் வயதில் காலமானார். அவரது உடல் லாஸ் ஏஞ்சலசில் அடக்கம் செய்யப்பட்டது.