போகிற புகையில் பலம் கண்டவர்!

நெய்வேலி நகரியம். அகலமான சாலைகள். இரு பக்கமும் மரங்கள்.

அங்கே ஓர் இளைஞர் புதிதாகப் பெட்ரோல் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது "டர்போ" பூட்டிய கார். ஆறு மாதம் ஓட்டுகிறார். வேகம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது.

நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். என்ஜினை ஆட்டி வைப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால் கார் பாய்ந்து செல்லும். இதற்கு "ரீமேப்" என்று பெயர். லேப்டாப்பை இணைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

செய்யலாமா? கூடாதா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், டர்போவைக் கண்டுபிடித்தவரின் கதையைக் கேட்க வேண்டும். இன்று கொஞ்ச நேரத்தில் கூட்டிக்கொள்ளும் பலத்துக்காக, அவர் 20 ஆண்டுகள் பாடுபட்டார்!

அவர் பெயர் ஆல்பிரெட் பியூக்கி.

ஆலை நகரத்துப் பிள்ளை

ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு, சுவிட்சர்லாந்து. அங்கே விண்டர்தூர் என்ற தொழில் நகரத்தில், 1879-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி பியூக்கி பிறந்தார்.

அந்த ஊரில் "சுல்சர்" என்ற பெரிய என்ஜின் ஆலை இருந்தது. பியூக்கியின் தந்தை அதில் உயர்ந்த பதவி வகித்தார். நெய்வேலிப் பிள்ளைகள் சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் பார்த்து வளர்கிறார்கள் அல்லவா? அதுபோல பியூக்கி ஆலை நகரத்தில் வளர்ந்தார்.

1899-ம் ஆண்டு ஜூரிச் நகரத்து தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் படித்த அதே கல்லூரிதான். 1903-ல் என்ஜினீயர் ஆனார். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

வேலை பார்க்கும்போது ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது.

வீணாகும் சூடு

என்ஜினில் எண்ணெய் எரிகிறது. ஆனால் அந்தச் சூடு முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, புகையோடு குழாய் வழியே வெளியே போய்விடுகிறது.

காசு கொடுத்து வாங்கிய எண்ணெய். அதில் பிறந்த சூடு. அது காற்றில் கரைகிறதே! அதைப் பிடித்து வேலை வாங்க முடியாதா?

விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். ஊதுகுழலால் ஊதினால் தீ நன்றாக எரியும். காற்று அதிகம் போனால் தீயும் அதிகம். என்ஜினும் அப்படித்தான். காற்று கூடினால், கூடுதல் எண்ணெயை எரிக்கலாம். பலம் கூடும்.

ஆனால் ஊதுவது யார்? அடுப்பிலிருந்து போகும் புகையே திரும்ப அடுப்பை ஊதினால் எப்படி இருக்கும்?

இதுதான் பியூக்கியின் யோசனை!

வெளியே போகும் புகையின் வழியில் ஒரு சிறிய சக்கரத்தை வைத்தார். புகை அதைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும்.

நெய்வேலி மக்களுக்கு இது எளிதில் விளங்கும். பழுப்பு நிலக்கரியை எரித்து நீராவி உண்டாக்குகிறார்கள். நீராவி "டர்பைன்" சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. அங்கே நீராவி செய்யும் வேலையை, காரில் புகை செய்கிறது. டர்பைனிலிருந்து வந்த பெயர்தான் டர்போ. மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும். கார் டர்போவோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலும்!

1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, இந்த யோசனைக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

20 ஆண்டு போராட்டம்

காகிதத்தில் சக்கரம் சுழன்றது. ஆலையில் சுழல மறுத்தது.

பியூக்கி ஊர் திரும்பி, சுல்சர் ஆலையில் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். 1911-ல் சோதனை என்ஜின் ஒன்றை அமைத்தார். 1915-ல் இன்னொன்றைக் காட்டினார். ஆலைக்காரர்கள் நம்பவில்லை.

காரணம், சூடு. காற்றை அழுத்தினால் அது சுடும். அதிக எண்ணெய் எரிந்தால் என்ஜின் இன்னும் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தாங்கும் நல்ல உலோகம் அன்று இல்லை. காற்றை அழுத்தும் சக்கரமும் திறமையாக வேலை செய்யவில்லை.

வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். பியூக்கி விடவில்லை.

காற்றை மேலும் மேலும் திணிப்பதில் மட்டும் பயன் இல்லை என்று கண்டார். உள்ளே தங்கும் சூட்டையும் வெளியேற்ற வேண்டும். காற்று வரும் கதவையும் புகை போகும் கதவையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்து வைத்தார். புதுக்காற்று பாய்ந்து, பழைய புகையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. என்ஜினின் உட்பகுதி குளிர்ந்தது.

சிலிண்டர்களின் புகை ஒன்றோடு ஒன்று மோதாதபடி தனித்தனிக் குழாய்களையும் அமைத்தார். பூட்டு திறந்தது!

கப்பலில் வெற்றி

1923-ல் ஜெர்மன் அரசு இரண்டு பயணிகள் கப்பல்களைக் கட்ட உத்தரவிட்டது. ஒன்றின் பெயர் "பிராய்சன்." மற்றொன்று "ஹன்சாஸ்டாட் டான்சிக்." இரண்டிலும் 10 சிலிண்டர் டீசல் என்ஜின். அவற்றுக்குப் பியூக்கியின் டர்போ பூட்டப்பட்டது.

டர்போ இல்லாமல் அந்த என்ஜினின் பலம் 1,750 குதிரை சக்தி. டர்போ பூட்டியபின் 2,500 குதிரை சக்தி! 100-க்கு 40-க்கும் மேல் கூடியது.

உலகம் திரும்பிப் பார்த்தது. கப்பல்கள், ரெயில் என்ஜின்கள், லாரிகள் என்று டர்போ பரவியது. 1938-ல் ஜூரிச் கல்லூரி, தன் பழைய மாணவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

1959-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, பிறந்த ஊரிலேயே பியூக்கி காலமானார். வயது 80.

அவர் பார்க்காத கார்

பியூக்கி இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1962-ல் அமெரிக்காவில் டர்போ பூட்டிய பெட்ரோல் கார்கள் விற்பனைக்கு வந்தன. அதே 1962-ல்தான் நெய்வேலியின் முதல் டர்பைன் சுழன்று மின்சாரம் தந்தது.

அந்தக் கார்களில் ஒன்று "ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர்." பெட்ரோல் என்ஜினில் சூடும் அழுத்தமும் மீறினால், பெட்ரோல் கண்டபடி வெடிக்கும். டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனே உடையும்.

இதைத் தடுக்க ஜெட்பயர் காரில் ஒரு தொட்டி வைத்தார்கள். தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம் அதில் இருக்கும். அது என்ஜினுக்குள் போய்ச் சூட்டைத் தணிக்கும். ஆனால் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். தொல்லை வளர்ந்தது. கடைசியில் பலருடைய கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்!

1980-களில் சுவீடன் நாட்டு "சாப்" கார்களில் புது வழி வந்தது. என்ஜின் தட்டுகிறதா என்று ஒரு கருவி காது கொடுத்துக் கேட்கும். தட்டினால் உடனே காற்றழுத்தத்தைக் குறைக்கும். இன்றைய காரின் கம்ப்யூட்டரும் அந்தக் காவலைத்தான் செய்கிறது.

கணக்கை மாற்றினால்...

இப்போது நெய்வேலி இளைஞரிடம் வருவோம்.

அந்தக் கம்ப்யூட்டரில் பெரிய கணக்கு அட்டவணை இருக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல்? எப்போது தீப்பொறி? டர்போ எவ்வளவு அழுத்தலாம்? எல்லாம் அதில் உண்டு.

கார் கம்பெனி அதில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதுகிறது. சித்திரை வெயிலில் ஓட வேண்டும். சாதாரணப் பெட்ரோலிலும் ஓட வேண்டும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். ரீமேப் செய்வோர், அந்த மிச்ச இடத்திலிருந்துதான் பலத்தை எடுக்கிறார்கள்.

எல்லா என்ஜினும் உடனே கெட்டுவிடும் என்பதில்லை. அறிந்தவர் அளவோடு செய்தால் கார் ஓடும். ஆனால் சூடு கூடும். பிஸ்டன், டர்போ, கிளட்ச், கியர் எல்லாம் கூடுதல் பாரம் சுமக்கும். பழுதானால் கம்பெனி உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். கம்பெனி வகுத்த அமைப்பை இஷ்டம் போல் மாற்றுவதை, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்சிலும் சிக்கல் வரலாம்.

மின் நிலையத்தில் வேலை செய்யும் அப்பாவிடம் அந்த இளைஞர் கேட்டுப் பார்க்கட்டும். டர்பைனுக்கு எவ்வளவு ஆவி விடலாம், எவ்வளவு சூடு வரை போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. எல்லையை உயர்த்த வேண்டுமானால், முதலில் இயந்திரத்தை அதற்குத் தகுந்தபடி பலப்படுத்த வேண்டும்.

பியூக்கி செய்தது அதைத்தான். பலத்தைக் கூட்டும் வழியை அவர் முதலிலேயே கண்டுவிட்டார். சூட்டைத் தாங்க வைக்கத்தான் 20 ஆண்டு ஆயிற்று.

பலத்தைக் கூட்டுவது எளிது. தாங்க வைப்பதுதான் அரிது!