மேடையேறிய ஆங்கிலம்: பேராசிரியர் லுடோவைக்

மலைநாட்டு மாணவனுக்கு ஆங்கிலம் நெடுங்காலம் துரை பங்களாவின் மொழியாகவும் தோட்டக் கந்தோரின் மொழியாகவுமே இருந்துவந்தது. அது அவன் காதில் விழுந்ததேயன்றி நாவில் வழங்கவில்லை. நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் மாணவருள் இன்றும் பலர் ஆங்கில நூலை வாசித்துப் பொருள் கூறுவர்; எழுந்து நின்று பேசப் பணித்தாலோ நாவெழாது தயங்குவர். இத்தயக்கத்தைப் போக்க வழிகாட்டும் பெரியார் ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஈ. எப். சீ. லுடோவைக் 1906ஆம் ஆண்டு காலியில் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். அவ்வூர் ரிச்மண்ட் கல்லூரியிலும், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, 1936இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஆங்கிலப் பேராசிரியராகி, 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை அணிசெய்தார்.

நாடகம் ஏட்டில் உறங்குவதற்கன்று, மேடையில் உயிர்பெறுவதற்கே என்னும் கொள்கையை அன்னார் செயலிற் காட்டினார். பல்கலைக்கழக நாடகச் சங்க மாணவரைக் கொண்டு ஷேக்ஸ்பியர், ஷா, பிராந்தெல்லோ முதலியோர் நாடகங்களை மேடையேற்றினார். ஒத்திகையின் பயனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே வாக்கியத்தைப் பன்முறை கூறும் மாணவன், எச்சொல்லை அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று தானே உணர்கின்றான். எதிரில் நிற்பவன் கூற்றைச் செவிமடுத்தாலன்றித் தன் கூற்றைத் தொடங்க அவனால் இயலாது. வேறொருவனாய் வேடந்தாங்கிப் பேசுவதால், பிழைபடுமோ என்னும் நாணமும் அகலுகின்றது.

ஆங்கிலத்தை நம் மண்ணுக்கு இசைவிக்கவும் லுடோவைக் அறிந்திருந்தார். சிட்னி கிரண்டியின் இன்பியல் நாடகமொன்றில் ஷெபீல்ட் நகரிலிருந்து வரும் உலோபியை யாழ்ப்பாணத்தவராக்கி, 'ஹீ கம்ஸ் புரொம் ஜப்னா' என்னும் பெயரில் ஆங்கிலத்திலேயே தழுவி எழுதினார். அயல்மொழி நாடகத்தில் அயலூர் மாந்தரே உலவவேண்டுமென்னும் நியதி இல்லையென்பதை அது காட்டிற்று.

1956இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்ற அவர், ஷேக்ஸ்பியரை விளங்கிக்கொள்ள உதவும் நூலொன்றை 1962இல் வெளியிட்டார், 1985இல் மறைந்தார்.

பேராதனைக்கும் கொழும்புக்கும் மட்டும் உரியதன்று இவ்வழி. பெரிய அரங்கும் பட்டாடையும் இதற்கு வேண்டா. வகுப்பறையின் ஒரு மூலையும், பத்து நிமிடக் காட்சியொன்றும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவருமே போதும். கொழுந்து மடுவத்தையும் லயத்தையும் களமாக்கி நம் மாணவரே ஆங்கிலக் காட்சியொன்றை எழுதி நடிப்பாராயின், கந்தோர் மொழி அவர்தம் மொழியாகும். தவணைக்கு ஒரு காட்சியேனும் மேடையேற ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் துணைநிற்பார்களாக.