தறியை மாற்றிய தறிகாரர் மகன்

காஞ்சியிலும் ஆரணியிலும் பட்டு நெய்யும் தோழர்கள் ஜக்கார்டு பெட்டியை அறிவார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த மனிதரை அறிவார்களா?

பிரான்சு நாட்டில், பட்டுக்குப் பெயர்போன லியோன் நகரில், 1752-ல் நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் ஜோசப் மரீ ஜக்கார்டு. மாளிகைப் பிள்ளையல்ல, தறியோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை!

அந்நாளில் பூவேலைப் பட்டு நெய்ய ஒருவர் போதாது. நெய்பவர் நாடா எறிவார். பாவு நூலை முறைப்படி தூக்கிவிட, கயிறு இழுக்க, இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் சிறுவர்கள். பள்ளிக்குப் போகவேண்டிய பிஞ்சுகள் பகலெல்லாம் கயிறு இழுத்தன!

அந்த வேலையைத் துளையிட்ட அட்டையிடம் ஒப்படைத்தார் ஜக்கார்டு. துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. 1804-ல் உருவாயிற்று அந்தப் பொறி. மறு ஆண்டே அரசு அதைப் பொதுச் சொத்தாக்கிற்று.

வாழ்த்தினரா நெசவாளர்? இல்லை, வெகுண்டனர். வேலை போனால் அடுப்பு எரியுமா என்ற அச்சம்! ஆயினும் 1812-க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. கயிறு இழுக்கும் வேலை மறைந்தது. அட்டையில் துளையிடும் வேலை பிறந்தது.

பெருகிய செல்வம் யாரிடம் சேர்ந்தது? தறி நெசவாளி வீட்டில். பட்டும் சந்தையும் வணிகன் கையில். நூலைக் கொடுத்து நெய்து வாங்கினான். கூலியைக் குறைத்தான். நாட்டுப்புறத்தில் மலிவாக ஆள் கிடைத்தால் நூலை அங்கே அனுப்பினான். வேலைக்குக் கால் முளைத்தது!

1831-ல் லியோன் நெசவாளர் எழுந்தனர். இம்முறை அவர்கள் சினம் பொறியின்மீது பாயவில்லை. குறைந்தபட்சக் கூலி கேட்டனர். பேசி முடிவான விகிதத்தை வணிகர் பலர் தர மறுக்கவே, கிளர்ச்சி மூண்டது. சில நாள் நகரமே அவர்கள் வசம்! படை வந்து அடக்கியது. 1834 ஏப்ரலில் மீண்டும் கிளர்ச்சி, மீண்டும் குருதி. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜக்கார்டு கண் மூடினார்.

துளையட்டை மட்டும் சாகவில்லை. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்க உதவியது துளையட்டைப் பொறிதான். பின்னர் கணிப்பொறி வந்தது. இன்று நியூயார்க் நிறுவனத்தின் கணக்கைச் சென்னையில் எழுதுகிறார்கள். நாளை இதைவிட மலிவான ஊர் கிடைத்தால் அங்கே எழுதுவார்கள். லியோன் வணிகனின் வழக்கம் கடல் கடந்துவிட்டது, அவ்வளவே.

தோழர்களே! பொறி வரும்; வேலை மாறும். ஆனால் அதன் விளைச்சலைப் பங்கிடும் மேசையில் பாட்டாளிக்கு ஓர் இருக்கை உண்டா? லியோன் நெசவாளர் குருதி சிந்திக் கேட்ட கேள்வி இதுவே. நாமும் கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்!